மூஞ்சூறு குட்டி போட்ட மூட்டை

செல்லத்தாய்க்கு மூக்கில் வாடை தெரியாது. அந்த விசயம் அவள் மகள் பவதாரணிக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ஏலக்காய்க் கிட்டங்கியில் செல்லத்தாய்க்குக் கொடுத்திருந்த வேலையோ, மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்து நல்லது கெட்டது சொல்வது.

போடியில் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கும் லிங்கேஸ்வரன் மலைத் தோட்டங்களிலிருந்து உலர்ந்த காயை வாங்கி, தரம் பிரித்து வெளியூருக்கு அனுப்புகிறவர். பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து சொளகில் காயைப் போட்டுப் பொறுக்குவார்கள். வெடித்தது ஒரு பக்கம் போகும், பழுப்பு ஒரு பக்கம், பூச்சி குத்தியது ஒரு பக்கம். அதற்கெல்லாம் முன்னால், மூட்டை வாயைப் பிரித்தவுடன் ஒருத்தி முகத்தை உள்ளே விட்டு மோக்க வேண்டும். மலையில் விறகுச் சூட்டில் காயை உலர்த்துகிறார்கள். சூடு போகும் குழாயில் ஓட்டை விழுந்தால் காயில் புகை வாடை ஏறிவிடும். அரைகுறையாகக் காய்ந்ததில் புழுங்கல் வாடை வரும். டீசல் கேனோடு ஜீப்பில் வந்த மூட்டையில் டீசல் அடிக்கும். ஏலக்காய் தன் வாடையை வெளியே விடுகிற மாதிரியே பக்கத்தில் இருக்கும் வாடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு கெட்ட மூட்டையை நல்ல குவியலில் கொட்டிவிட்டால் குவியலே போச்சு.

முன்பு செல்லத்தாயும் மலைக்குப் போனவள்தான். தன் ஊரான சிலமலையிலிருந்து விடியலில் ஜீப்பில் ஏறி, தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குவாள். போடிமெட்டுக்கு ஏறும் வளைவு ஒன்றில் ஜீப்பு கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சுஜாதா, புருசனுடைய தங்கச்சி. இரண்டு பேரின் தூக்குவாளியையும் அவள்தான் மடியில் வைத்திருந்தாள். செல்லத்தாய் கண் விழித்தபோது வாளி இரண்டும் மூடி திறக்காமல் பாறைமேல் கிடந்தன. சுஜாதா கொஞ்சம் தள்ளிக் கிடந்தாள்.

செல்லத்தாய்க்கு மண்டையில் தையல் போட்டார்கள். சுஜாதாவின் பதினாறாம் நாள் காரியத்தில் சாம்பிராணிப் புகையில் அவளுக்குக் கண் எரிந்து தண்ணீர் வந்தது. அழுகிறாள் என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் முதுகைத் தடவினார்கள். அவள் அழவில்லை. கண் எரிகிறதே, வாடையைக் காணோமே என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மண்டையில் அடிபட்டதில் நரம்பு அறுந்திருக்கலாம், வந்தால் வரும் என்று டாக்டர் சொன்னார். வரவில்லை. அதன்பிறகு சோற்றில் உப்பும் உறைப்பும் சூடும்தான் தெரிந்தன. மற்றதெல்லாம் ஈரத்துணியை மெல்லுகிற மாதிரி இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜீப்பு மட்டும் வேறு கதை. ஒரு நாள் ஏறப் போனாள். ஒரு காலைப் படியில் வைத்தாள். அடுத்த கால் தரையை விட்டு எழும்பவில்லை. உள்ளே இருந்த பெண்கள் கையைப் பிடித்து இழுத்தும் எழும்பவில்லை. டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். புருசன் சோலைமலை, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வாட்ச்மேன். ஊருக்கு வரும்போதெல்லாம், "மேலயே எஸ்டேட் லயத்து வீட்டுல வந்து இருந்துரு. ஒரு தடவ ஏறுனாப் போதும்ல?" என்பான். அந்த ஒரு தடவைதான் அவளால் ஆகவில்லை.

அப்படித்தான் லிங்கேஸ்வரனின் கிட்டங்கிக்கு வேலை கேட்டு வந்தாள்.

"பொறுக்குறதுக்கு ஆளு இருக்குத்தா," என்றார் அவர். "மலையில காய் எடுத்தவளா நீ?"

"ஆமாங்க மொதலாளி. கலியாணம் ஆனதுல இருந்து."

"அப்ப மோந்து சொல்ற சோலியப் பாக்குறியா? முன்னாடி இருந்தவ மக பிரசவத்துக்குன்னு போனவ, வரல. மலைக்காரிக்கு மூக்கு நல்லா இருக்குமே."

"இருக்குங்க."

அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வருசம் ஓட்டிவிட்டாள். கண்ணையும் கையையும் வைத்தே சமாளித்தாள். புகை ஏறிய காயின் தோலில் பச்சை மங்கியிருக்கும். ஈரக் காயைக் கைப்பிடியில் அமுக்கினால் உதிராமல் நிற்கும். டீசல் பட்ட சாக்கு கறுத்திருக்கும். இதிலெல்லாம் பிடிபடாததை ஜக்கையன் முகத்தில் பார்த்துக்கொள்வாள். ஜக்கையன் லோடுக்காரர். மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி, வாயைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பார். கெட்ட வாடை வந்தால் அவர் மூக்கு தானாகச் சுருங்கும். அவள் உடனே நிமிர்ந்து, "தள்ளி வைண்ணே, இது ஆகாது," என்பாள்.

"என்னா மூக்குத்தா உனக்கு!" என்று ஜக்கையன் தலையை ஆட்டுவார். மூக்கு அவருடையது என்று அவருக்குத் தெரியாது.

கிட்டங்கியில் மூஞ்சூறு இருந்தது. ஒன்றா நாலா என்று யாருக்கும் தெரியாது. சுவரை ஒட்டியே கூர்மூஞ்சியை நீட்டிக்கொண்டு ஓடும். கண் இருந்தும் இல்லாத மாதிரிதான். சுவர் முடிகிற இடத்தில் திகைத்து நின்று கிச்சுக் கிச்சென்று கத்தும். காயைத் தொடாது. கரப்பான், பூரான், சாக்குப்பூச்சிதான் அதற்குத் தீனி. காயைக் கடிப்பது எலி. ஆனால் எலி கடித்துவிட்டுப் போய்விடும். மூஞ்சூறு போன பிறகும் அதன் நாற்றம் போகாது. தெருப்பூனைகூட ஆசையாகப் பிடித்துவிட்டு, வாயில் வைத்ததும் துப்பிவிட்டுப் போகும்.

மூஞ்சூறை அடிக்கக் கூடாது என்பது லிங்கேஸ்வரன் உத்தரவு. ஒரு வருசம் எலிக்கு வைத்த பசை அட்டையில் மூஞ்சூறு ஒட்டிக்கொண்டது. தோல் பிய்ந்து பொழுதெல்லாம் கத்திவிட்டுச் செத்தது. அன்றைக்கே லிங்கேஸ்வரனின் அப்பா குளியலறையில் விழுந்து படுத்துவிட்டார். பிள்ளையார் வாகனத்தைக் கொன்ற பாவம் என்று லிங்கேஸ்வரன் முடிவு கட்டினார். அன்றோடு பசை அட்டையும் கிடையாது, பொறியும் கிடையாது. எலி வந்தால் அடி, மூஞ்சூறு வந்தால் விடு என்றார். ஓடுகிற ஓட்டத்தில் எது எலி, எது மூஞ்சூறு என்று யார் பார்ப்பது? எதையுமே யாரும் அடிக்கவில்லை. விளக்குமாற்றைத் தரையில் தட்டி, "போய்யா சாமி, அங்கிட்டுப் போ," என்பதோடு சரி.

"இவரு கிட்டங்கி கட்டுனது காய் வைக்கன்னு நினைச்சேன்," என்பாள் பெரியம்மாள். பொறுக்கும் பெண்களில் மூத்தவள், வாய்க்காரி. "பிள்ளையாரு வண்டிய நிறுத்தக் கட்டியிருக்காருடி."

"வண்டிக்கு டோக்கன் போடச் சொல்லு யக்கா," என்பாள் செல்லத்தாய். மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துக்கொள்வாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்தும்போது தானும் பொத்திக்கொள்வாள்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கிட்டங்கியைப் பூட்டினார்கள். பூட்டுகிற அன்றைக்குப் பார்த்து மலையிலிருந்து லோடு வந்துவிட்டது. மூட்டை அடுக்கும் பலகையெல்லாம் நிறைந்திருந்ததால் கடைசியாக இறங்கிய மூட்டைகளைப் பின்சுவரை ஒட்டித் தரையிலேயே சாய்த்தார்கள். வெரசாகப் போய்ச் சாமி கும்பிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். பிள்ளையாரைக் கொட்டகுடி ஆற்றில் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் மறுபடி திறந்தார்கள்.

திறந்த அன்று பெரியம்மாள் உள்ளே வந்ததும் முந்தானையை மூக்கில் வைத்தாள்.

"யாத்தே. பூட்டி வச்சதுல மூஞ்சூறு வாடை தூக்குதுடி. லீவுல சொந்தக்காரவுகளையெல்லாம் கூப்பிட்டுப் பொங்க வச்சிருக்குக போல."

"சன்னலத் தொறந்து விடுங்க, போயிரும்," என்றாள் செல்லத்தாய்.

சன்னலைத் திறந்தார்கள். வாசல்பக்கக் கூடத்தில் காற்றாடியைப் போட்டுக்கொண்டு பெண்கள் பொறுக்க உட்கார்ந்தார்கள். பின்னறையில் ஜக்கையன் மூட்டையைப் பிரிக்க, செல்லத்தாய் மோக்க ஆரம்பித்தாள். அன்று ஜக்கையனுக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. கிராம்பைப் பல்லிடுக்கில் வைத்து, துண்டால் மூக்கோடு சேர்த்து முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

பெரிய பச்சைக் காயாக, அரபு நாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு அது. பலகைமேல் இருந்த மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தார்ப்பாயில் விழுந்து குவியல் இடுப்பு உயரம் வந்துவிட்டது. பிறகு ஜக்கையன் பின்சுவரில் சாய்ந்திருந்த ஒன்றைத் தூக்கி வந்து நிறுத்தினார். சுவர்ப்பக்கம் அடியில் சாக்கு கிழிந்து ஓட்டையாகியிருந்தது. அந்தப் பக்கத்தை அவர் தன் காலோடு அணைத்து வைத்திருந்ததால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

செல்லத்தாய் குனிந்து முகத்தை உள்ளே விட்டாள். காய் தாடையில் பட்டது. அவ்வளவுதான். ஒரு பிடி எடுத்து அமுக்கினாள். கலகலவென்று உதிர்ந்தது. நிறம் நல்ல பச்சை. நிமிர்ந்து ஜக்கையனைப் பார்த்தாள். துண்டுக்கு மேலே இரண்டு கண் இருந்தன. பல்வலியில் சிவந்திருந்தன.

"என்னத்தா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"உனக்கு எப்படித் தோணுதுண்ணே?"

"எனக்கு வாயெல்லாம் கிராம்பு. நீ சொல்லு."

அவள் இன்னொரு தடவை குனிந்தாள். மூச்சை இழுத்தாள். நெஞ்சு நிறையக் காற்று போனது. காற்றில் ஒன்றும் இல்லை.

"நல்ல காய்ண்ணே. கொட்டு."

ஜக்கையன் மூட்டையைச் சாய்த்தார். முக்கால் மூட்டை காய் சரசரவென்று குவியல்மேல் இறங்கியது. கடைசியாக, கடித்துக் குதறிய சாக்கு நாரும் குப்பையும் உருண்டையாக விழுந்தன. உருண்டை பிரிந்து சுண்டுவிரல் நீளத்தில் சாம்பல் நிறக் குட்டிகள் சிதறின. கூடவே தாய் விழுந்தது. விழுந்த வேகத்தில் கத்திக்கொண்டு குவியல்மேலேயே குறுக்கும் நெடுக்கும் ஓடியது. சுவர் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. ஓடிய இடமெல்லாம் நாற்றத்தைப் பீய்ச்சியது.

ஜக்கையன் கட்டியிருந்த துண்டையும் மீறி இருமிக்கொண்டு கதவுக்கு ஓடினார். கூடத்திலிருந்து பெண்கள் எழுந்து வந்தார்கள். வந்த வேகத்தில் நின்றார்கள். ஒருத்தி வாசலுக்கு ஓடி ஓங்கரித்தாள். எல்லோர் முந்தானையும் மூக்குக்கு ஏறியது.

செல்லத்தாய் குவியல்மேல் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். காயில் புதைந்த குட்டிகளை வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்துச் சொளகில் போட்டுக்கொண்டிருந்தாள். மிதித்துவிடுவார்களோ என்பது ஒன்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. தாய் அவள் கைமேல் ஏறி இறங்கியது. அதையும் விரலால் ஒதுக்கிவிட்டு அடுத்த குட்டியைத் தேடினாள்.

பக்கத்தில் யாரும் வரவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்தாள். பெரியம்மாள் முந்தானைக்கு மேலே கண்ணை உருட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி செல்லத்தாயி. உனக்கு நாறலயா?"

செல்லத்தாய் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். வைத்த பிறகு, அதனால் இனி ஒன்றும் ஆகாது என்று தெரிந்து எடுத்துவிட்டாள்.

லிங்கேஸ்வரன் கைக்குட்டையோடு வந்தார். குவியலைப் பார்த்தார். ஒரு கை காயை அள்ளி முகத்தருகே கொண்டுபோனவர், பாதியிலேயே கீழே எறிந்தார்.

"இத மோந்தது யாரு?"

"நாந்தாங்க."

"மோந்துட்டா கொட்டச் சொன்ன?"

"ஆமாங்க."

"சளி பிடிச்சிருக்கும் மொதலாளி," என்றாள் பெரியம்மாள். "காலையில இருந்து மூக்க உறிஞ்சிக்கிட்டுத்தான் இருந்தா."

அப்படி எதுவும் இல்லை. பெரியம்மாள் நல்லதற்குத்தான் சொன்னாள். செல்லத்தாயும் ஆமாம் என்றிருக்கலாம். லிங்கேஸ்வரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருசமாகப் பார்த்துப் பார்த்துப் பொய் சொல்லி அவளுக்கு அலுத்திருந்தது.

"சளி இல்லைங்க. ஜீப்பு கவுந்ததுல மண்டையில அடி. அதுல இருந்து வாடை தெரியாது."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

"அடிப்பாவி. அப்ப இம்புட்டு நாளு?"

"கண்ணால பாத்துச் சொன்னேன். கொஞ்சம் ஜக்கையண்ணன் மூஞ்சியப் பாத்து."

ஜக்கையன் வாசலில் நின்று இதைக் கேட்டார். துண்டை அவிழ்த்து உதறினார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. "அடக் கடவுளே, அப்ப எனக்குல்ல சம்பளம் கூடப் போட்டிருக்கணும்," என்றார்.

"வேலைக்குச் சேரும்போது கேட்டேன்ல? இருக்குன்னு சொன்ன."

"சொன்னேங்க."

"மோக்குற சோலிக்கு மூக்கு இல்லாதவ." லிங்கேஸ்வரன் கைக்குட்டைக்குள் மூச்சு விட்டார். "இந்தக் காய எவன் வாங்குவான்? டீக்கடைக்காரன்கூட வாங்க மாட்டான்."

"மூஞ்சூற அடிக்கக் கூடாதுன்னு வச்சு வளத்தது யாராம்?" என்று பெரியம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. லிங்கேஸ்வரனுக்கும் கேட்டிருக்கும்.

செல்லத்தாய் சொளகைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். வழியில் நின்றவர்கள் விலகினார்கள். சாக்கடை ஓரம் குட்டிகளைக் கொட்டினாள். தாய் எப்படியோ சுவரைப் பிடித்து, குட்டிகளின் குரலைப் பிடித்து அங்கே வந்து சேர்ந்தது. முதல் குட்டி தாயின் பின்பக்கத்தைப் பல்லால் கவ்விக்கொண்டது. அதை அடுத்தது கவ்வியது, அதற்கடுத்தது அதைக் கவ்வியது. ஒரு கயிறு ஊர்கிற மாதிரி வரிசை நகர்ந்தது. சாக்கடையைத் தாண்டிப் போகும் என்று பார்த்தால், சுவரை ஒட்டியே திரும்பி, பின்கதவுக்கு அடியில் இருந்த சந்து வழியாகக் கிட்டங்கிக்குள்ளேயே போய்விட்டது.

யாரும் தடுக்கவில்லை. லிங்கேஸ்வரன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் குட்டி சந்துக்குள் நுழைந்தபோது அவர் கை பழக்கத்தில் கன்னத்தைத் தொட்டு எடுத்தது. பிறகு செல்லத்தாய் பக்கம் திரும்பினார்.

"நீ நாளைக்கு வர வேணாம்."

"சரிங்க," என்றாள். வருத்தமாக இருக்கிறதா என்று தனக்குள் பார்த்தாள். மரத்துப்போன காலைத் தடவுகிற மாதிரிதான் இருந்தது. காலையில் சிலமலைக்குப் பிரியும் விலக்கில் ஜீப்பு வந்து நிற்கும். பின்படி ஆடிக்கொண்டிருக்கும். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"மொதலாளி."

"என்ன?"

"ஜீப்புல மட்டும் என்னால ஏற முடியாது. வேற எந்தச் சோலி சொன்னாலும் செய்றேன்."

"என்கிட்ட வேற என்ன சோலி இருக்கு? பொறுக்க ஆளு இருக்கு."

"இந்தக் குவியல யாரு பொறுக்குவாகளாம்?" என்று உள்ளேயிருந்து பெரியம்மாள் குரல் கொடுத்தாள். "நாங்க உக்கார மாட்டோம், சொல்லிப்புட்டோம். குடலு வெளிய வந்துரும்."

குவியல் முழுவதும் வீணில்லை. அடியில் கிடப்பதைச் சீக்கிரம் பிரித்து, மேலே பட்டதைத் தள்ளி, மாடியில் காற்றாடப் போட்டால் பாதியாவது தேறலாம். அதற்கு ஒருத்தி அந்த நாற்றத்துக்குள் உட்கார வேண்டும். அது அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவள் உள்ளே போய்த் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து சொளகை எடுத்தாள். உட்காரு என்று அவர் சொல்லவில்லை. எழுந்திரு என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவள் பின்னறையில் தனியாக உட்கார்ந்து பிரித்தாள். நாரையும் புழுக்கையையும் பொறுக்கினாள். ஈரம் பட்ட காயைத் தனியாக ஒதுக்கினாள். காற்றாடி கூடத்தில் ஓடியது. பெண்களின் பேச்சு கூடத்தில் ஓடியது. ஜக்கையன் மட்டும் வாசல்வரை வந்து காலிச் சாக்கை வைத்துவிட்டு, "என் மூஞ்சிய இனிமே பாக்க மாட்டியா ஆத்தா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பல்லைப் பிடுங்கியிருந்தார்.

குவியல் முடிந்த அன்று லிங்கேஸ்வரன் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். மோந்து சொல்ல வேறொருத்தியைச் சேர்த்தாகிவிட்டது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"பின்னறை உத்தரத்துல எலி செத்துக் கிடக்கு போல. எவனும் ஏற மாட்டேங்குறான்."

"எடுத்துறேங்க."

"நம்ம கிட்டங்கி மட்டுமில்ல. இந்தத் தெரு பூராம் இந்தத் தொந்தரவு இருக்கு. எலி, மூஞ்சூறு, செத்தது, சாகாதது, சாக்கடை அடச்சது. கேட்டுக்கிட்டே இருக்காக. மூக்கு இருக்கிறவன் செய்ய முடியாத சோலி." கொஞ்சம் நிறுத்தினார். "மூஞ்சூறக் கொல்லக் கூடாது. உசுரோட பிடிச்சு ஆத்துக்கு அங்கிட்டு விட்டுரு."

"சரிங்க."

"சங்கடமா இருந்தா வேணாம்."

"சங்கடம் ஒண்ணும் இல்லைங்க."

உண்மையில் இல்லை. ஏணியில் ஏறி உத்தரத்துக்கு மேலே கையை விட்டாள். ஊறிப்போன எலி கையோடு பிய்ந்து வந்தது. வழவழவென்று இருந்தது. அதைத் தாளில் சுற்றிக்கொண்டு இறங்கியபோது கீழே ஏணியைப் பிடித்திருக்க வேண்டியவனைக் காணவில்லை.

சில நாளிலேயே தெருவில் அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. "மூஞ்சூறுக்காரியக் கூப்பிடு," என்று ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குக் குரல் போகும். மூஞ்சூறைப் பிடிப்பது கஷ்டமில்லை. அது சுவரை விட்டு விலகாது. சுவர் ஓரமாகச் சாக்கின் வாயைத் திறந்து வைத்து, பின்னாலிருந்து தரையைத் தட்டினால் தானாக உள்ளே போய்விடும். ஒரு மூட்டை கத்திக்கொண்டு தோளில் தொங்க, அவள் கொட்டகுடிப் பாலத்தைத் தாண்டி நடப்பாள். அவிழ்த்துவிட்டால் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் திகைத்து நிற்கும். பிறகு கரையின் ஏதாவதொரு கல்லைச் சுவராக நினைத்து ஒட்டிக்கொண்டு ஓடும். அவள் சாக்கை உதறி மடித்துக்கொண்டு திரும்புவாள்.

மத்தியானம் பெரியம்மாள் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது நின்றுபோனது. இவள் தூக்குவாளியைத் திறந்தால் அவர்கள் தங்கள் வாளியை மூடினார்கள். இரண்டாம் நாளே அவள் படிக்கட்டுக்கு இடம் மாறிவிட்டாள். சாயங்காலம் சிலமலைப் பஸ்சில் கூட்டம் பிதுங்கும். அவள் உட்கார்ந்த சீட்டில் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்கள். ஒருத்தி உட்கார வந்தாள், உட்கார்ந்தாள், தேவாரம் ஊருக்குப் போகிறவர்கள் ஏறும் நிறுத்தத்தில் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். செல்லத்தாய் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிரே மலையிலிருந்து இறங்கிய ஜீப்பு ஒன்று, பின்படியில் ஆட்கள் நிற்க, பஸ்சைத் தாண்டிப் போனது. அது போய் முடிகிறவரை அவள் சீட்டுக் கம்பியை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகப் போய்விடுவாள். பவதாரணி சீயக்காயும் சோப்பும் மாற்றுச் சேலையும் எடுத்து வைத்திருப்பாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். முதல் நாள் அம்மா வீட்டுக்குள் காலை வைத்தபோது அவள் மூச்சை அடக்கிக்கொண்டதை செல்லத்தாய் பார்த்தாள். இப்போதெல்லாம் பவதாரணி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்கிறாள். அதையும் செல்லத்தாய் பார்க்கிறாள்.

அன்றும் அப்படித்தான் குளித்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை தேய்த்தாள், கழுவினாள், மறுபடி தேய்த்தாள். கை சிவந்துவிட்டது. தண்ணீர் குளிர்கிறது, சோப்பு வழுக்குகிறது, அவ்வளவுதான் தெரிந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அடுப்பில் சோறு கொதித்தது. தட்டு மூடி ஆடும் சத்தம் கேட்டது.

"அம்மா, இம்புட்டு நேரமா? வா, சோறு ஆகிருச்சு," என்று பவதாரணி வாசல்படியில் வந்து நின்றாள்.

"போயிருச்சா?"

"ம். போயிருச்சு."

"கிட்ட வந்து சொல்லு."

பவதாரணி ஈரத்தில் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். வாய் மூடியிருந்தது.

"போயிருச்சும்மா."

செல்லத்தாய் மகள் முகத்தைப் பார்த்தாள். மூக்கு சுருங்கவில்லை. கண்ணிலும் ஒன்றும் இல்லை. எதையும் காட்டாமல் இருக்க நன்றாகப் பழகிவிட்ட முகமாக இருந்தது.

"நீ போய்ச் சோத்த வடி," என்றாள். அவள் உள்ளே போன பிறகு சோப்பை மறுபடி எடுத்தாள்.